ஐந்து வாரக் காய்ச்சல்: ஒரு நோயறிதல் எங்கே தடம் மாறியது

நோயாளி 61 வயது ஆண். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் மனைவியோடு வசிக்கிறார். லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு; பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தரும் மாத்திரைகளை நினைவு வந்தால் சாப்பிடுவார். புகைபிடிப்பதில்லை. ஜனவரி மாதம், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்து ஓய்ந்த சமயத்தில், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அதற்குச் சரியான பெயர் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அவருக்கு டெங்கி என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். காசநோய்க்கு மருந்தும் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த் திரும்பினார்.

இவர் தனி ஓர் ஆள் அல்ல. இந்த நோய் உள்ளவர்கள் பலருக்கு நேரும் திருப்பங்களைச் சேர்த்து, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. நோயைப் பற்றியும் சோதனைகளைப் பற்றியும் இங்கே சொல்பவை உள்ளபடியே. நோயறிதல் தவறிவிட்டால் நம்மவர்கள் 'டாக்டர் சரியாப் பாக்கல' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். இந்த நிகழ்வில் அக்கறை இல்லாத மருத்துவர் ஒருவரும் இல்லை. அப்படியும் தவறியது எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறாம் நாள், கிளினிக்

முதல் ஐந்து நாளும் அவர் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆறாம் நாள் மனைவி வற்புறுத்தி அக்கம்பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் புளோக்கின் கீழே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சிவப்புப் பதாகை தொங்கியது. அந்த வட்டாரத்தில் டெங்கி பத்துப் பேரை எட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். மருத்துவர் அந்த வாரத்தில் மட்டும் பல டெங்கி நோயாளிகளைப் பார்த்திருந்தார்.

ரத்தச் சோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 118,000. இது 150,000க்குக் கீழே இருந்தால் குறைவு. டெங்கி வந்தால் தட்டணு இறங்கும் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். 2020ல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்த ஊர் இது. என்எஸ்1 என்ற டெங்கிச் சோதனை மட்டும் 'இல்லை' என்று வந்தது. அந்தச் சோதனை காய்ச்சலின் முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பிடிக்கும், நாள் ஆக ஆக நழுவவிடும் என்பதால் மருத்துவர் டெங்கியைக் கைவிடவில்லை. 'டெங்கியாக இருக்கலாம்' என்று எழுதி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்டணு பார்க்க வரச் சொன்னார்.

அவர் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, அந்த வட்டாரத்தில் காய்ச்சலோடு வரும் 100 பேரில் 30 பேருக்கு டெங்கி என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாளில் செய்யும் சோதனை அந்த 30 பேரில் 18 பேரைப் பிடிக்கிறது, 12 பேரைத் தவறவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டெங்கி இல்லாத 70 பேருக்கும் அது சரியாக 'இல்லை' என்று சொல்லிவிடும். ஆக, 'இல்லை' என்று பதில் வாங்கிய 82 பேரில் 12 பேருக்கு டெங்கி இருக்கத்தான் செய்கிறது. கிட்டத்தட்ட 15 விழுக்காடு. தட்டணுவைக் கண்காணிக்க அது போதுமான காரணம்.

அதே கணக்குக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மீதி 70 பேருக்கு வேறு ஏதோ இருக்கிறது. சோதனைக்கு முன் நூற்றுக்கு முப்பதாக இருந்த டெங்கி, சோதனைக்குப் பின் பாதியாகிவிட்டது. ஆனால் கோப்பில் இருந்த சொல் மாறவில்லை. மருத்துவரின் மனத்தில் 'டெங்கியா, இல்லையா' என்ற கேள்வி இருந்தது. 'இந்த மனிதருக்கு என்ன' என்ற கேள்வி வேறு. முதல் கேள்விக்குப் பதில் தேடும்போது இரண்டாவதற்கும் பதில் தேடுவதாகவே நமக்குத் தோன்றும்.

ரத்தச் சோதனை வந்த அதே தாளில் இன்னோர் எண்ணும் இருந்தது. வெள்ளை அணுக்கள் 13,200. டெங்கியில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும். இவருக்கோ கூடியிருந்தது. தட்டணு எண்ணைக் கண் தேடிப் பிடித்தது. நாலு வரி மேலே இருந்த வெள்ளை அணு எண்ணைத் தேட யாருக்கும் காரணம் இல்லை. டெங்கி என்ற ஊகம் எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதோ அதை மட்டும் பார்த்தார்கள்.

ஊகம் எங்கிருந்து வருகிறது

மருத்துவர் எல்லாத் தகவலையும் சேகரித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து யோசித்து நோயைக் கண்டுபிடிப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். ஆர்தர் எல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1970களில் மருத்துவர்களை அருகிலிருந்து ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே மருத்துவரின் மனத்தில் இரண்டு மூன்று ஊகங்கள் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த ஊகங்களைச் சோதிக்கத்தான். சரியான நோய் அந்த முதல் பட்டியலிலேயே இல்லாவிட்டால், எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கேள்விகள் அதன் பக்கம் போகாது.

அனுபவம் கூடக்கூட இந்த வேகமும் கூடும். வாசலில் நுழையும் நோயாளியைப் பார்த்ததுமே மூத்த மருத்துவர் பாதி நோயைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974ல் விவரித்த மனக்குறுக்குவழிகள் இங்கேதான் வேலை செய்கின்றன. அண்மையில் பார்த்தது சட்டென்று நினைவுக்கு வரும். நினைவுக்கு எளிதாக வருவதை மனம் அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்ளும். முதலில் பிடித்ததை விட்டு நகரவும் மனம் தயங்கும்.

2010ல் சில்வியா மமேடே நெதர்லாந்தில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பயிற்சி மருத்துவர்கள் 36 பேருக்கு முதலில் சில நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்தார்கள். பிறகு, மேலோட்டமாக அவற்றைப் போலவே தோன்றும், ஆனால் வேறு நோய் உள்ள புதிய விவரங்களைக் கொடுத்தார்கள். சற்றுமுன் பார்த்த நோயின் பெயரை இங்கேயும் வைத்து அதிகம் ஏமாந்தவர்கள் முதலாண்டுக்காரர்கள் அல்ல, இரண்டாமாண்டுக்காரர்கள். அனுபவம் கொஞ்சம் கூடியதும் சட்டென்று முடிவெடுக்கும் பழக்கமும் கூடியிருந்தது. அதே விவரங்களை மறுபடி எடுத்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கச் சொன்னபோது அவர்களுடைய பதில்கள் தேறின.

சிவப்புப் பதாகை கட்டிய புளோக்கிலிருந்து வந்த காய்ச்சல்காரரைப் பார்த்து டெங்கி என்று நினைக்காத மருத்துவர்தான் சிங்கப்பூரில் ஆபத்தானவர். நினைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குணமாவது போல் தோன்றிய நாள்கள்

எட்டாம் நாள் தட்டணு 139,000க்கு ஏறியது. நல்ல செய்தி என்றார்கள். பத்தாம் நாளிலும் காய்ச்சல் விடவில்லை, இருமலும் சேர்ந்துகொண்டது. டெங்கிக் காய்ச்சல் வழக்கமாக ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். டெங்கிக்கு மேல் நெஞ்சில் சளித்தொற்று சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் ஆக்மென்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். பொருந்தாத ஒன்று வந்தபோது முதல் முடிவு அசையவில்லை. அதன்மேல் இரண்டாவது நோய் ஒன்று ஏற்றி வைக்கப்பட்டது.

காய்ச்சல் குறைந்தது. இதுதான் இந்த நிகழ்வில் ஆகப் பெரிய பொறி. பிறகு தெரியவந்த கிருமிக்கு ஆக்மென்டின் ஓரளவு வேலை செய்யும், அடக்கிவைக்கும், அழிக்காது. மருந்து கொடுத்தோம், குறைந்தது, ஆகவே நினைத்தது சரி என்று எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். பாதி வேலை செய்யும் மருந்து ஒன்றுமே செய்யாத மருந்தைவிட மோசமாக ஏமாற்றும்.

இதற்கிடையில் இனிப்புநீர்ச் சோதனைக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போன நாளில், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் அடிவயிற்றில் வலியும் இருப்பதாகச் சொன்னார். 61 வயது ஆண். புரோஸ்டேட் வீக்கம் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலைப் பற்றி அவர் அங்கே சொல்லவில்லை, அது வேறு டாக்டர் பார்க்கும் வேறு விஷயம் என்று நினைத்தார். அவர்களும் கேட்கவில்லை. ஒரே நோயின் இரண்டு துண்டுகள் இரண்டு கட்டடங்களில் இரண்டு கோப்புகளில் கிடந்தன.

இருபத்தாறாம் நாள்

ஆக்மென்டின் முடிந்த சில நாள்களில் காய்ச்சல் திரும்பியது. இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழலும், அதன் நடுவே ஒரு குழியும் தெரிந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.8 விழுக்காடு. முன்பக்கக் குறிப்பில் தாதி எழுதிய வரி இது: 'டெங்கிக்குப் பிறகு தொடரும் இருமல், எடை குறைவு, காசநோயா என்று பார்க்கவும்.'

கவனியுங்கள், டெங்கி ஒருபோதும் உறுதியாகவில்லை. 'இருக்கலாம்' என்று கிளினிக்கில் எழுதியது, வாய்வழியாக மருத்துவமனை வருவதற்குள் 'வந்தது' ஆகிவிட்டது. இப்படி ஒரு பெயர் கைமாறக் கைமாற உறுதியாகிக்கொண்டே போவது உலகெங்கும் மருத்துவமனைகளில் நடக்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை. ஐயத்தைக் குறிக்கும் சொல்தான் முதலில் உதிர்ந்துபோகிறது.

காசநோய் என்ற எண்ணமும் பொருத்தமானதே. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது புதிதாகக் கண்டறியப்படுகிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மேல்பகுதியில் குழி, இரவு வியர்வை, எடை குறைவு என்று பாடத்தில் படித்த அனைத்தும் இருந்தன. அவரைத் தனி அறையில் வைத்தார்கள். சளியை மூன்று முறை நுண்ணோக்கியில் பார்த்தார்கள், கிருமி தெரியவில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையிலும் இல்லை. அப்படித் தெரியாமலும் காசநோய் இருக்க முடியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை முடிய எட்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாது என்று இருபத்தொன்பதாம் நாள் நான்கு மருந்துகளைத் தொடங்கினார்கள்.

செய்யாத ஒரு சோதனைதான் இங்கே பெரிது. பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தை எடுத்துச் சாதாரணக் கிருமிகள் வளர்கின்றனவா என்று பார்ப்பது, அனுப்பப்படவே இல்லை. சளியையும் காசநோய்க்கு மட்டும்தான் அனுப்பினார்கள். காய்ச்சலோடு வரும் எந்த நோயாளிக்கும் செய்யக்கூடிய, எளிதான சோதனை அது. காசநோய் என்ற எண்ணம் அறைக்குள் வந்துவிட்டதால் அது தேவைப்படாமல் போயிற்று.

இரவுப்பணி

முப்பத்து மூன்றாம் நாள் இரவு ரத்த அழுத்தம் 84க்கு இறங்கியது. சிறுநீர் அடைத்துக்கொண்டது. இரவுப்பணியில் இருந்தவர் மருத்துவராகி இரண்டே ஆண்டுகள் ஆன பெண், தமிழ் பேசுவார். உப்புநீர் ஏற்றச் சொல்லிவிட்டு, குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்கிள், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க."

"என்னம்மா இருக்கு, வேலையிலேர்ந்து நின்னாச்சு. காலையில கீழ தோட்டத்துக்குப் போவேன். கத்திரி, வெண்டை, கறிவேப்பிலை எல்லாம் போட்டிருக்கோம். அந்த மழையில பாத்தி கரைஞ்சு போச்சு. நாலஞ்சு நாளா மண்ண வெட்டிச் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன்."

"கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"சிலிப்பர்தான். சேத்துல மாட்டிக்கும்னு அதையும் கழட்டி வச்சிருவேன்."

மருத்துவர் போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்தார். குதிகாலில் ஆழமான வெடிப்புகள். விரலிடுக்கில் ஆறிக்கொண்டிருந்த ஒரு புண். அங்கே தொட்டது பெரியவருக்குத் தெரியவில்லை. மூன்று இடங்களிலும் 'தொழில்' என்ற கட்டத்தில் 'ஓய்வுபெற்றவர்' என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். அந்த உண்மை அதற்கு மேல் கேள்வி வராமல் செய்துவிட்டது.

இனிப்புநீர், மழை, மண், புண், நுரையீரல், இப்போது சிறுநீர்ப் பாதை. அவர் மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பி, மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸாக இருக்குமோ என்று கேட்டார். ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்குப் போயின. என்ன கிருமியைச் சந்தேகிக்கிறோம் என்று ஆய்வுக்கூடத்துக்குத் தனியாகச் சொன்னார். அதற்கென்று உள்ள வளர்ப்பூடகத்தைப் பயன்படுத்தவும், அங்கே வேலை செய்பவர்கள் பாதுகாப்போடு கையாளவும் அது உதவும். இத்தகைய நிலையில் வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் இந்தக் கிருமிக்கு நம்பகமானதல்ல என்பதால் அந்த இரவே மெரோபெனம் தொடங்கினார்கள். மறுநாள் சிடி ஸ்கேனில் புரோஸ்டேட்டிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. முப்பத்தைந்தாம் நாள் ஆய்வுக்கூடம் அழைத்தது: ரத்தத்திலும் சிறுநீரிலும் புர்க்கோல்டேரியா சூடோமாலியை, அதாவது மெலியோய்டோசிஸை உண்டாக்கும் கிருமி.

ரங்கூனில் 1911

இந்தக் கிருமி தென்கிழக்காசியாவின், வட ஆஸ்திரேலியாவின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. தெற்காசியாவிலும் உண்டு, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இந்த நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறது. தோலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். ஆரோக்கியமானவர்களை அபூர்வமாகத்தான் தொடும். நோய் வருபவர்களில் பாதிப்பேருக்கோ அதற்கும் மேலோ இனிப்புநீர் இருக்கும். கனமழைக்குப் பின் நோயாளிகள் கூடுவார்கள். நுரையீரலில் வந்தால் நிமோனியா, நாள்பட்டால் காசநோய் மாதிரி, ரத்தத்தில் பரவினால் வேறு எந்த நச்சுத்தொற்று மாதிரியும் இருக்கும். 2016ல் வந்த ஒரு மதிப்பீடு உலகில் ஆண்டுக்கு 165,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணக்கிட்டது. பலருக்கு நோயின் பெயர் தெரியாமலே உயிர் போகிறது.

முதலில் இதைக் கண்டறிந்தவர்கள் ரங்கூன் மருத்துவமனையில் இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். 1911ல் பிரேதப் பரிசோதனைகளில் ஒரு புதிய கிருமியைக் கண்டார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் போலவே அது இருந்தது. அதே பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கிருமி நகர்ந்தது. கிளாண்டர்ஸ் கிருமி நகராது. வளரும் வேகமும் வேறாக இருந்தது. பொருந்தாத அந்த இரண்டு மூன்று விவரங்களை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் 1912ல் 38 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. மெலியோய்டோசிஸ் என்ற பெயரைப் பிறகு கோலாலம்பூரில் ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921ல் வைத்தார்கள். 1989ல் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் செஃப்டாசிடைம் மருந்து கடுமையான நோயில் இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைத்தது. பெயர் சரியாகத் தெரிந்தால் உயிர் மிஞ்சும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் கூடுகிறது என்று இதற்குப் பொருள். நோயறிதலைப் பற்றிய பேச்சு வெறும் தத்துவமாகிவிடாமல் இருக்க இந்த எண்ணை நினைவில் வைத்திருக்கிறேன்.

எங்கே தவறியது

மார்க் கிரேபர் 2005ல் நோயறிதல் தவறிய 100 நிகழ்வுகளை ஆராய்ந்தார். 74ல் மருத்துவரின் யோசனையில் குறை இருந்தது, 65ல் அமைப்பில் குறை இருந்தது. 46ல் இரண்டும் சேர்ந்திருந்தன. யோசனைக் குறைகளில் முதலிடம், ஒரு விடை கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவதற்கு. மருத்துவ அறிவு போதாமல் தவறியது ஒப்பீட்டில் குறைவு.

நம் நிகழ்வில் அது மூன்று முறை நடந்தது: டெங்கி, புரோஸ்டேட் வீக்கம், காசநோய். ஒவ்வொன்றும் அந்த அறையில், அந்தத் தகவல்களை வைத்துப் பார்த்தால், அதிக வாய்ப்புள்ள விடையே. எனவே 'அதிக வாய்ப்புள்ளதை முதலில் நினை' என்ற விதி மட்டும் இந்தப் பெரியவரைக் காப்பாற்றியிருக்காது. பொருந்தாதவற்றுக்குக் கணக்கு வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கும். கூடிய வெள்ளை அணுக்கள், ஏழு நாள் தாண்டிய காய்ச்சல், மருந்து நின்றதும் திரும்பிய காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், காசநோய்க் கிருமி தெரியாத நான்கு சோதனை முடிவுகள். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. ஒரே தாளில் வரிசையாக எழுதியிருந்தால், இத்தனை சமாதானம் தேவைப்படும் விடையை எந்த மருத்துவரும் சந்தேகப்பட்டிருப்பார்.

மனச்சாய்வுகளின் பெயர்களை மனப்பாடம் செய்தால் தவறு குறையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மருத்துவக் கல்வியை ஆராயும் கனடாவின் ஜெஃப் நார்மன் இதை வலுவாகவே வாதிட்டிருக்கிறார்: மெதுவாக யோசி என்று சொல்வதால் மட்டும் பெரிய பலன் இல்லை, குறிப்பிட்ட நோயைப் பற்றிய அறிவுதான் முதல். இரவுப்பணி மருத்துவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்டிருந்தாலும், மெலியோய்டோசிஸ் என்ற ஒன்று அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் தோட்டக் கதை வெறும் தோட்டக் கதையாகவே போயிருக்கும். கிரேபரின் எண்களோடு இது முரண்படுவது போல் தோன்றலாம். பகலில் பார்த்த மருத்துவர்களுக்கும் அந்த நோய் தெரியும், படித்துத் தேறியவர்கள்தான். தெரிந்ததை நினைவுக்கு அழைக்கும் கேள்வி அவர்கள் முன் வரவில்லை. அறிவும் வேண்டும், அதைத் தட்டி எழுப்பும் கேள்வியும் வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நேரம் வேண்டும். 1984ல் பெக்மனும் ஃபிராங்கலும் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். அதற்கு முன் 1975ல் இங்கிலாந்தில் ஹாம்டன் குழுவினர் 80 புதிய நோயாளிகளைப் பார்த்தபோது, 66 பேரில், அவர்களை அனுப்பிவைத்த மருத்துவரின் கடிதமும் நோயாளி சொன்ன கதையுமே சரியான நோயைக் காட்டிவிட்டன. உடலைத் தொட்டுப் பார்த்ததும் ஆய்வுக்கூடச் சோதனைகளும் தலா ஏழு பேரில்தான் முடிவை மாற்றின. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. நோயைச் சொல்லும் வாய்ப்பு அதிகம் உள்ள இடத்தில்தான் நாம் நேரத்தை மிச்சம்பிடிக்கிறோம்.

அமைப்பின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. கிளினிக்கின் ரத்தச் சோதனைத் தாளைப் பெரியவரின் மனைவி கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அவசரப் பிரிவில் அதைக் காட்ட முயன்றார். நெரிசலில் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. வெள்ளை அணு எண் அதில் இருந்தது. என்எஸ்1 'இல்லை' என்பதும் இருந்தது.

நம் வீடுகளுக்கு இதில் என்ன

2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூரில் 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மொத்த மக்கள்தொகையில் அது 11.3 விழுக்காடு. ஆகவே இந்த நோய் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே போக வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்றவர்களுக்கு அதைவிட நல்ல காலைப்பொழுது வேறில்லை. மழைக்குப் பின் மண்ணில் இறங்கினால் ரப்பர் பூட்ஸ், கையுறை. பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை பொறுத்திருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது காய்ச்சல் என்று தொடங்கியது, எந்த மருந்துக்கு எப்போது குறைந்தது, நிறுத்தியதும் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேறு மருத்துவரிடம் சொன்ன வேறு உபாதையையும் சொல்லுங்கள்; அது சம்பந்தம் இல்லாதது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். குணமாகாமல் மூன்றாம் முறை போகும்போது, "டாக்டர், இது வேற ஏதாவதா இருக்க முடியுமா? எது இதுக்குப் பொருந்தல?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெரியவர்கள் முன்னால் கேள்வி கேட்பது நம் பழக்கத்தில் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள். புரோஸ்டேட் சீழை ஊசி வழியாக எடுத்தார்கள். காசநோய் மருந்துகள் நிறுத்தப்பட்டன. ஊசி மருந்து நான்கு வாரத்துக்கும் மேல் தொடர்ந்தது. பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை ஐந்து மாதம். இந்த மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதால், மாத்திரையை மறந்துவிடும் வழக்கமுள்ள இவருக்கு மனைவியே எண்ணிக் கொடுத்தார். எட்டு வாரம் கழித்துக் காசநோய்க் கல்ச்சரும் 'இல்லை' என்று வந்தது.

துறைக் கூட்டத்தில் இந்த நிகழ்வைப் பேசியபோது யார் தவறு என்பதில் நேரம் போகவில்லை. இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இனிப்புநீர் உள்ள எவரும் நிமோனியாவோடு வந்தால், எந்த நோயைச் சந்தேகித்தாலும் மருந்துக்கு முன் பிளட் கல்ச்சர் அனுப்ப வேண்டும். 'தொழில்' என்ற கட்டத்துக்குக் கீழே 'மண், சேறு, தேங்கிய நீர்' என்று இன்னொரு கட்டம். காசநோய் மருந்தைச் சந்தேகத்தின் பேரில் தொடங்கினால், ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும் என்றும் சிலர் கேட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் அது ஒத்திவைக்கப்பட்டது. என் பார்வையில் மூன்றில் அதிகப் பலன் தரக்கூடியது அதுதான், ஒத்திவைத்திருக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்துக் கண் பரிசோதனைக்குப் போனபோது முகப்பில் இருந்த தாதி, "டிபி மருந்து முடிச்சாச்சா, அங்கிள்?" என்று கேட்டார். கோப்பின் முன்பக்கத்தில் காசநோய் என்ற வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த மனைவி, "அது டிபி இல்லம்மா, அந்தப் பேர எடுக்கச் சொல்லி ரெண்டு தடவ சொல்லிட்டோம்" என்றார். அந்தத் தாதி அன்றே உரியவர்களுக்குத் தகவல் அனுப்பினார். இப்போது அங்கே மெலியோய்டோசிஸ் என்றும், எந்தெந்த உறுப்பில் இருந்தது, எந்த மருந்து எத்தனை வாரம் கொடுக்கப்பட்டது என்றும், மறுபடி காய்ச்சல் வந்தால் மருந்துக்கு முன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது.